டிரெய்லர் மாட்டும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு டிரெய்லரில் சாமான் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க: பெரிய பிக்கப்களுக்குச் சொல்லும் 3,500 கிலோ இழுவைத் திறன், பிரேக் உள்ள டிரெய்லருக்கு மட்டும். பிரேக் இல்லையென்றால் 750 கிலோதான், டிரெய்லரின் சொந்த எடையும் அதில் அடக்கம்.

அதைவிட முக்கியம், வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை வரம்பு. பலர் இதைப் பார்ப்பதே இல்லை. வரம்பு 6,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆட்கள், பின்பக்கச் சாமான் எல்லாம் சேர்த்து பிக்கப்பே 3,000 கிலோ வந்துவிட்டால், இழுக்க மிச்சம் 3,000தான், 3,500 கிடையாது. மீறினால் நீண்ட இறக்கங்களில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம். தயவுசெய்து சாமான் ஏற்றியபின் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அப்புறம், சாமானோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர் என்றால் இபி வகை ஓட்டுநர் உரிமம் வேண்டும்.