கோட்டின் மேல் பட்ட கால்: பிளே ஆஃப் முடிவை வைத்து ஒரு நட்சத்திரத்தை எடை போடுவது எப்படி

என் மேஜை டிராயரில் கோடு போட்ட நோட்டு ஒன்று கிடக்கும். ஒவ்வொரு ஏப்ரலிலும் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் பிளே ஆஃப், அதாவது கோப்பைக்கான நாக்அவுட் சுற்று, தொடங்குவதற்கு முந்தின ராத்திரி அதை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவேன். அக்கா மகன் பிளஸ் டூ படிக்கிறான். அவனுக்கு இது ஒரே சிரிப்பு. "மாமா, யூடியூப்ல எல்லாரும் சொல்றதைத்தானே நீங்களும் எழுதப் போறீங்க?" என்பான். யூடியூபில் சீரிஸ் முடிந்த பிறகு சொல்கிறார்கள், நான் முன்கூட்டியே எழுதி மாட்டிக்கொள்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான். இருபது வருஷமாகக் காலை ஆறு மணிக்கு எழுந்து பைனல்ஸ் பார்த்ததில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தையும் அதுதான்.

முதல் வேலை, சீரிஸ் தொடங்கும் முன் நட்சத்திரத்தைப் பற்றி மூன்று வரி எழுதுங்கள். எதிரணி இவரை எப்படி மடக்கப் பார்க்கும்? இவர் தடுமாறினால் பாயின்ட் எடுக்க வேறு யார் இருக்கிறார்? தோற்றால் எதை இவர் தலையில் கட்டுவேன், எதைக் கட்டமாட்டேன்? இந்த மூன்றாவது வரிதான் கஷ்டம். அதை எழுதாமல் விட்டால், தோற்ற மறுநாள் எல்லாமே அவர் தப்பாகத்தான் தெரியும். பேனாவில் எழுதுங்கள், தேதி போடுங்கள். 2021-ல் நான் பென்சிலில் எழுதினேன். 'மில்வாக்கியின் யானிஸ் அன்டெடோகும்போ கோப்பை வரை போகமாட்டார்' என்று. ஜூலையில் ரப்பர் போட்டு அழித்தேன். அழித்த தடம் இன்னும் தெரிகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா மகன் அந்தப் பக்கத்தைத்தான் விரித்துக் காட்டுகிறான்.

அப்படி எழுதியதற்கு என்னிடம் காரணம் இருந்தது. வழக்கமான சீசனில் 82 ஆட்டம். இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர். உங்களை மடக்குவதற்கென்று உட்கார்ந்து திட்டம் போட எதிரணிக்கு நேரமே கிடையாது. பிளே ஆஃபில் அதே அணியோடு ஏழு ஆட்டம் வரை மோத வேண்டும், முதலில் நான்கு ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்கு. மூன்றாவது ஆட்டத்துக்குள் உங்களுக்கு என்ன வராது என்பதைத் தோண்டி எடுத்துவிடுவார்கள். யானிஸுக்குத் தூரத்திலிருந்து எறிவது கைவராது என்பதால், 2019-ல் டொராண்டோ கூடைக்கு முன்னால் ஆட்களைச் சுவர் மாதிரி நிறுத்தியது. 2-0 என்று முன்னால் இருந்த மில்வாக்கி 2-4 என்று தோற்றது. அடுத்த வருஷம் மயாமி 4-1 என்று அனுப்பிவைத்தது. அந்த இரண்டு சீசனிலும் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது யானிஸுக்குத்தான்.

2021-ல் பிலடெல்பியாவின் பென் சிம்மன்ஸுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. அட்லான்டாவோடு ஏழாவது ஆட்டம். கூடைக்கு நேர் கீழே நிற்கிறார், பக்கத்தில் அவரைவிட ரொம்பக் குள்ளமான ட்ரே யங். துள்ளிப் போடாமல் பந்தை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு அந்த அணிச் சட்டையில் அவர் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆகவே பிளே ஆஃப் எல்லாம் வெறும் அதிர்ஷ்டம் என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். சிம்மன்ஸை ரசிகர்கள் திட்டியதில் பாதி நியாயம்.

சரி, அதிர்ஷ்டமே இல்லையா என்றால், கடைசி எறிதலை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள் என்பேன். 2021 ஜூன் 20, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரம் காலை. புரூக்ளினுக்கும் மில்வாக்கிக்கும் ஏழாவது ஆட்டம். புரூக்ளின் 107-109 என்று பின்னால். கெவின் டுரான்ட் பந்தோடு திரும்புகிறார், மேலே பி.ஜே. டக்கர் ஒட்டிக்கொண்டு நிற்கிறார், எறிகிறார், விழுகிறது. கடிகாரத்தில் ஒரு விநாடி. தூரக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் மூன்று பாயின்ட், கோட்டை மிதித்தாலோ உள்ளே நின்றாலோ இரண்டு. நான் மூன்று பாயின்ட் என்றே நினைத்து சோபாவிலிருந்து எழுந்து கத்திவிட்டேன். அப்புறம் ரீப்ளே. டுரான்டின் ஷூ அளவு 18. அதன் முனை கோட்டின் மேல். இரண்டே பாயின்ட், 109-109. கூடுதல் நேரத்தில் புரூக்ளின் மொத்தமாக எடுத்தது 2 பாயின்ட். ஒரு நிமிடம்கூட உட்காராமல் ஆடி 48 பாயின்ட் எடுத்திருந்த மனிதர் கடைசியில் எறிந்த பந்து வளையத்தைத் தொடவே இல்லை. 115-111.

யானிஸ் அங்கிருந்து பைனல்ஸ் போனார். எதிரணி தப்பு செய்தால் கிடைக்கும் தடையில்லாத எறிதலான ஃப்ரீ த்ரோவுக்கு அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கூட்டமே கூடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் கேலி செய்த சீசன் அது. ஆறாவது ஆட்டத்தில் 19 ஃப்ரீ த்ரோவில் 17 போட்டார், 50 பாயின்ட், மில்வாக்கிக்கு 50 வருஷம் கழித்துக் கோப்பை. அந்த 50 பாயின்ட்டை எந்த ஷூவும் கொடுக்கவில்லை, அது அவர் கைவேலை. ஆனால் அதைப் போட ஒரு மேடை கிடைத்தது இன்னொருவர் கால் விரலால். என் நோட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ரசிகர்கள் முதலாவதை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

அடுத்ததாக ஒரு பழக்கம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஜெயித்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையையும் தோற்ற ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இதற்கு டல்லஸின் டர்க் நோவிட்ஸ்கியைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

2006 பைனல்ஸில் டல்லஸ் மயாமியை 2-0 என்று முந்தியிருந்தது. வரிசையாக நான்கு தோற்றது. மறு சீசனில் 67 வெற்றி, லீக்கிலேயே முதலிடம். முதல் சுற்றில் எட்டாம் இடத்தில் வந்த கோல்டன் ஸ்டேட், வெறும் 42 வெற்றியோடு வந்த அணி, 4-2 என்று வெளியே தள்ளியது. அந்த ஆறாவது ஆட்டத்தில் டர்க் 13 எறிந்து 2 போட்டார், 8 பாயின்ட். சில நாள் கழித்து அவர் கையில் எம்.வி.பி. கோப்பையைக் கொடுத்தார்கள். தன் வீட்டுக் கல்யாணம் நின்றுபோன மறுநாள் அடுத்த வீட்டுக்குப் பந்தி பரிமாறப் போனவர் மாதிரி நின்றார் மனுஷன். 'மென்மையானவர், ஐரோப்பாக்காரர், நெருக்கடியில் நிற்கமாட்டார்' என்ற முத்திரை நான்கு வருஷம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

2011 பைனல்ஸ், மறுபடி மயாமி. முதல் ஆட்டத்திலேயே இடது நடுவிரலில் தசைநாண் கிழிந்தது. இரண்டாவது ஆட்டத்தில் 15 பாயின்ட் பின்னாலிருந்து வந்து, வெற்றி எறிதலை அந்த இடது கையாலேயே போட்டார். நான்காவதில் காய்ச்சலோடு ஆடினார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், எத்தனை தடவை சொன்னாலும் சலிக்காது. ஆனால் கோப்பையை வென்ற ஆறாவது ஆட்டத்தின் அட்டையை எடுத்துப் பாருங்கள். முதல் பாதியில் டர்க் 12 எறிந்து ஒன்றே ஒன்று. ஆட்டம் முழுக்க 27-க்கு 9. முதல் பாதியில் அணியைத் தூக்கி நிறுத்தியவர் பெஞ்சிலிருந்து வந்த ஜேசன் டெர்ரி. அவர் மட்டும் 27 பாயின்ட்.

அன்றைக்கு டெர்ரி கை விழாமல் போயிருந்தால் '12-க்கு 1' என்பதுதான் டர்க்கின் அடைமொழியாகியிருக்கும். 2007-ல் நடந்தது போலவேதான் அந்தப் பாதி இருந்தது, பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஜெயித்த பிறகு 2007 தோல்வியின் அர்த்தமே மாறிப்போனது. மென்மைக்கு ஆதாரமாக இருந்தது, அவர் பட்ட கஷ்டத்துக்கு ஆதாரமாகிவிட்டது. ஸ்கோர் அட்டையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. இதனால்தான் தேதி போடச் சொன்னேன். நீங்கள் அன்று என்ன நினைத்தீர்கள் என்பதை உங்கள் மனசே பின்னால் திருத்தி எழுதிவிடும்.

யார் ஆடவில்லை என்பதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2018-ல் ஹியூஸ்டன் கோல்டன் ஸ்டேட்டை 3-2 என்று முந்தியபோது அதன் நட்சத்திரம் கிறிஸ் பாலுக்குத் தொடையின் பின்தசை போனது. ஏழாவது ஆட்டத்தில் அந்த அணி தொடர்ச்சியாக 27 மூன்று பாயின்ட் எறிதலைத் தவறவிட்டது. பால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் 'ரிங் இல்லாதவர்', அதாவது கோப்பை வென்றவருக்குத் தரும் மோதிரம் வாங்காதவர், என்ற பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் வருகிறது.

ரிங் எண்ணுவதைப் பற்றி நீளமாகப் பேச விருப்பமில்லை. பெரும்பாலும் துணை ஆட்டக்காரராகவே இருந்த ராபர்ட் ஹாரியிடம் ஏழு, மைக்கேல் ஜோர்டனிடம் ஆறு. அக்கா மகனிடம் இதைச் சொன்னால், "அது வேற மாமா" என்பான். என்ன வேற என்று கேட்டால் பதில் வராது. அந்தக் கால லேக்கர்ஸ் அணி நட்சத்திரம் ஜெர்ரி வெஸ்ட் பைனல்ஸில் எட்டு முறை தோற்றார், ஒரு முறை ஜெயித்தார். 1969-ல் தோற்ற அணியில் இருந்துகொண்டே பைனல்ஸ் எம்.வி.பி. வாங்கினார். இன்று வரை அப்படி வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

இவ்வளவு சொன்னதால் எல்லாத் தோல்விக்கும் சமாதானம் தேடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில தோல்வி அந்த நட்சத்திரத்தின் தப்பேதான். அதே 2011 பைனல்ஸின் நான்காவது ஆட்டத்தில் மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் 46 நிமிடம் ஆடி எடுத்தது 8 பாயின்ட். எறிந்ததே 11 தடவை. அணி மூன்றே பாயின்ட்டில் தோற்றது. காயம் இல்லை, துணைக்கு டுவைன் வேட், கிறிஸ் பாஷ். டல்லஸ் கட்டிய டிஃபென்ஸுக்கு அவரிடம் பதில் இல்லை, ஓரமாக நின்று பந்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தார். என் நோட்டில் அன்று 'பயந்துவிட்டார்' என்று ஒரே வார்த்தை இருக்கிறது. இன்றும் அதை அடிக்கமாட்டேன்.

இப்படிப்பட்ட தோல்வி வந்தால் பக்கத்தை மூடாதீர்கள், அடுத்த கோடைக்கு இடம் விடுங்கள். லெப்ரான் அந்தக் கோடையில் பழைய நட்சத்திரம் ஹக்கீம் ஒலாஜுவானிடம் போய், கூடைக்கு முதுகு காட்டி ஆடுவதைக் கற்றுக்கொண்டார். 2012-ல் பாஸ்டனில், 3-2 என்று பின்னால் இருந்த ஆறாவது ஆட்டத்தில், 45 பாயின்ட், 15 ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடிப்பது), எறிந்த 26-ல் 19 உள்ளே. முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை அன்றைக்கு. 'பயந்துவிட்டார்' என்பதற்குக் கீழே அந்த எண்களை எழுதினேன். இரண்டும் சேர்ந்ததுதான் லெப்ரான்.

2025-க்கு வருகிறேன். அக்கா மகனும் தனியாக ஒரு நோட்டு போட்ட வருஷம் அது. அந்த ஏப்ரலில் பெயர் வெளியிடாமல் சக வீரர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், 'தகுதிக்கு மேல் புகழப்படுபவர்' யார் என்ற கேள்விக்கு அதிக ஓட்டு விழுந்தது இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு. பையனும் அதையே எழுதிவைத்தான். மே மாதம், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். கடைசி மூன்று நிமிடத்துக்குள் 14 பாயின்ட் பின்னால். ஏரன் நெஸ்மித் மூன்று பாயின்ட்டாகக் கொட்டிக் கொட்டி எட்டிப் பிடிக்கிறார். கடைசி விநாடியில் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு ஆகாயத்துக்குப் போய் உள்ளே விழுகிறது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து எதிரணிக் கூட்டத்தைப் பார்த்து, 'திணறிவிட்டீர்கள்' என்பது போலத் தன் கழுத்தைத் தானே நெரித்துக் காட்டுகிறார். ரீப்ளே பார்த்தால், கால் கோட்டின் மேல். இரண்டே பாயின்ட், 125-125, கூடுதல் நேரம்.

"மாமா, டுரான்ட்!" என்று கத்தினான் பையன்.

இந்தத் தடவை கூடுதல் நேரத்தில் 138-135 என்று ஜெயித்தார்கள். பைனல்ஸ் முதல் ஆட்டத்தில் 0.3 விநாடி மிச்சம் இருக்கும்போது எறிந்து ஓக்லஹோமா சிட்டியைச் சாய்த்தார். அந்த ஆட்டத்தில் இண்டியானா முந்தியிருந்த மொத்த நேரமே அந்த 0.3 விநாடிதான். ஏழாவது ஆட்டம் வரை போனது. ஹாலிபர்ட்டன் தொடங்கிய வேகத்தில் மூன்று மூன்று-பாயின்ட் போட்டு 9 எடுத்திருந்தார். ஏழாவது நிமிடத்தில் குதிகால் தசைநாண் அறுந்து தரையில் விழுந்து, உள்ளங்கையால் தரையை அடித்துக்கொண்டே கிடந்தார். 103-91 என்று ஓக்லஹோமா சிட்டிக்குக் கோப்பை.

பையன் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். "இதை ஜெயிச்ச பக்கத்துல எழுதுறதா, தோத்த பக்கத்துல எழுதுறதா மாமா?" என்று கேட்டான். நிமிடத்தையும் பாயின்ட்டையும் மட்டும் இப்போதைக்கு எழுது என்றேன். ஏழு நிமிடம், 9 பாயின்ட் என்று எழுதிவிட்டு, ஏப்ரலில் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தான். பேனாவால்தான்.