கட்டை தெரிந்தால் போதும், சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ் புரிந்துவிடும்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கீபோர்டு வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் பலர், கிரேடு பரீட்சைக்காக பன்னிரண்டு சுருதிகளையும் வட்டமாக அடுக்கும் மேற்கத்திய இசையின் இந்த சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸை, ஷார்ப் (ஒரு படி ஏற்றம்), ஃபிளாட் (ஒரு படி இறக்கம்) எண்ணிக்கையோடு நெட்டுரு போடுகிறார்கள். தேவையே இல்லை. பாட்டு வகுப்பில் சரளி வரிசை தாண்டியவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே பழக்கமானதுதான்.

ஃபிஃப்த் என்றால் ஸ-வுக்கு ப. அவ்வளவுதான். ஒரு கட்டையை ஸ என்று வைத்து, கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து ஏழு படி மேலே ஏறினால் அதன் ப. அந்த ப-வையே புது ஸ ஆக்கி அதற்கொரு ப பிடியுங்கள், அப்புறம் அதற்கொன்று. சுருதியைக் கட்டை எண்ணால் சொல்வோம், வெள்ளைகள் 1 முதல் 7, அரை எண்கள் கறுப்பு. 1 கட்டையில் தொடங்கினால் 1, 5, 2, 6, 3, 7, 4½, 1½, 5½, 2½, 6½, 4 என்று போய் மறுபடி 1-க்கே வந்து நிற்கும். பன்னிரண்டு சுருதியும் ஒவ்வொரு தடவை வந்தாயிற்று. 1 கட்டை சி, 5 கட்டை ஜி, 2 கட்டை டி என்று பெயரை மாற்றி வட்டமாக எழுதினால் அதுதான் புத்தகத்தில் இருக்கும் படம்.

இப்போது 1 கட்டையில் சங்கராபரணம் (மேற்கத்திய மேஜர் ஸ்கேல்) வாசியுங்கள். எல்லாம் வெள்ளை. 5 கட்டைக்குப் போனால் ஒரே ஒரு கறுப்பு, 4½, உள்ளே வரும். அது பழைய ம. ஒரு படி ஏறி, புது ஸ-வுக்கு நி ஆகியிருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் இதே கதைதான், பழைய ம ஏறிப் புது நி ஆகும், அதனால் 2 கட்டையில் இரண்டு ஷார்ப், 6-ல் மூன்று, 3-ல் நான்கு, 7-ல் ஐந்து. 4½-க்கு வரும்போது கறுப்புக் கட்டை தீர்ந்துவிடுவதால் ஆறாவது ஷார்ப் வெள்ளையில், 4 கட்டையிலேயே, விழும். ஈ ஷார்ப் என்று எழுதியிருப்பார்கள், மிரள வேண்டாம்.

ம ஏறினால் என்ன ராகம்? கல்யாணி. ஆகவே 1 கட்டை கல்யாணியும் 5 கட்டை சங்கராபரணமும் ஒரே ஏழு கட்டைகள்தான், ஸ இருக்கும் இடம் மட்டும் வேறு. கிரகபேதம், அதாவது ஸ-வை இடம் மாற்றி வேறு ராகம் காண்பது, செய்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வட்டத்தில் இடப்பக்கம் போனால் நி இறங்கும்: 1 கட்டை ஹரிகாம்போஜியும் 4 கட்டை சங்கராபரணமும் ஒன்று. இந்த இடப்பக்க அடி கச்சேரியிலேயே உண்டு. செஞ்சுருட்டி, புன்னாகவராளி போன்றவற்றுக்கு மத்திம சுருதி வைக்கிறோமே, தம்புராவில் ப தந்தியை ம-வுக்கு இறக்கி, அந்த ம-வையே ஸ-வாகப் பிடித்து? 1 கட்டைக்காரர் அப்போது பாடுவது 4 கட்டையில்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறொன்று. வட்டத்தில் 1-லிருந்து அடுத்தடுத்து ஐந்து சுரம் எடுங்கள்: ஸ, ப, ரி, த, க. வரிசைப்படுத்தினால் மோகனம்! இன்னும் இரண்டு சேர்த்தால் நி-யும் பிரதி மத்திமமும் (ஏறிய ம) வந்து கல்யாணி முழுசாகிவிடும்.

மெல்லிசைக் குழுவிலோ சர்ச் கொயரிலோ கார்டு வாசிப்பவர்களுக்கு ஒரு வரி: பாட்டு எந்த கீயோ அதன் இரண்டு பக்கத்துக் கீகள்தான் முதலில் கைக்கு வர வேண்டிய கார்டுகள். சி என்றால் எஃப், ஜி.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. தம்புராவில் காது ஒப்பும் ப, ஸ-வைப் போல் ஒன்றரை மடங்கு அதிர்வு, சுமார் 702 சென்ட் (ஒரு ஸ்தாயி, அதாவது ஸ முதல் மேல் ஸ வரை, 1200 சென்ட்). பன்னிரண்டு தடவை அப்படியே ஏறினால் ஏழு ஸ்தாயியைத் தாண்டி 23½ சென்ட் அளவுக்கு மிஞ்சும், வட்டம் மூடாது. கீபோர்டில் ஒவ்வொரு ப-விலும் இரண்டு சென்ட் குறைத்து, 700 ஆக்கி மூட வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியான கருணாமிர்த சாகரத்தில் இந்த ச-ப கணக்கை விரிவாக எடுத்துக்கொண்டு, ஸ்தாயியைச் சம பங்காகவே பிரிக்க வேண்டும் என்று வாதாடினார். காதால் சோதிக்க வேண்டுமென்றால், நன்றாகச் சுருதி சேர்த்த தம்புராவுக்குப் பக்கத்தில் கீபோர்டின் ப-வை அழுத்திப் பிடியுங்கள். ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்துக்கொண்டால் இரண்டு ப-வும் முழுசாக ஒட்டாததால் எழும் மெல்லிய அலை தெளிவாகக் கேட்கும்.