கம்பெனி காப்பீடு இருந்தாலும் குடும்பத்துக்கு மானியம் கிடைக்குமா? அமெரிக்கவாழ் தமிழர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

போன நவம்பரில் டல்லாஸ் பக்கம் இருக்கும் நண்பர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவர் முன்னால் கம்பெனி ஹெச்ஆர் அனுப்பிய ஒரு தாள். அதில் இரண்டு வரிகளை அவர் மனைவி மஞ்சள் மார்க்கரால் தீட்டி வைத்திருந்தார். ஊழியருக்கு மட்டும் என்றால் மாதம் 130 டாலர். ஊழியர், மனைவி, பிள்ளைகள் என்றால் மாதம் 1,150 டாலர். "கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறவங்களுக்கு ஒபாமாகேர் மானியம் கிடையாதே" என்றார் நண்பர். நான்கு வருடங்களாக அப்படியே நினைத்து அந்த 1,150 டாலரைக் கட்டி வந்திருக்கிறார்.

2022 வரை அவர் சொன்னது சரிதான். இப்போது சரியில்லை. மாறிய அந்த ஒரு விதி தெரியாமல் இன்னமும் பல குடும்பங்கள் பணத்தை விட்டுக்கொண்டிருக்கின்றன. அன்று நாங்கள் போட்ட கணக்கையே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். எண்கள் எல்லாம் 2026ஆம் ஆண்டுக் காப்பீட்டுக்கு உரியவை.

முதலில், என்ன மாறியது?

ஒபாமாகேர் சட்டப்படி நடக்கும் அரசுக் காப்பீட்டுச் சந்தைதான் மார்க்கெட்பிளேஸ். அங்கே காப்பீடு வாங்குகிறவர்களுக்கு அரசு தரும் மானியத்தின் பெயர் ப்ரீமியம் டாக்ஸ் கிரெடிட். கம்பெனி கொடுக்கும் காப்பீடு "கட்டுப்படியாகக் கூடியது" என்றால் இந்த மானியம் கிடையாது. எது கட்டுப்படியாகும் என்பதற்கு வருமான வரித்துறை 2013இல் ஓர் அளவுகோல் வைத்தது. ஊழியர் ஒருவருக்கு மட்டும் ஆகும் ப்ரீமியத்தைத்தான் பார்ப்பார்கள். அது மலிவாக இருந்தால் போதும், குடும்பத்தைச் சேர்க்க ஆயிரக்கணக்கில் ஆனாலும் மனைவி பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கதவை மூடிவிடுவார்கள். இதைத்தான் "ஃபேமிலி கிளிட்ச்" என்று சொல்வார்கள்.

2022 அக்டோபரில் அந்த விதியைத் திருத்தினார்கள். 2023 ஜனவரி 1 முதல் இரண்டு தனிக் கணக்குகள். ஊழியருக்கு, அவருடைய தனி ப்ரீமியத்தை வைத்து ஒன்று. குடும்பத்தாருக்கு, குடும்ப ப்ரீமியத்தை வைத்து இன்னொன்று. முதல் கணக்கில் "இல்லை" என்று வந்தாலும் இரண்டாவதில் "உண்டு" என்று வரலாம்.

படி 1: ஹெச்ஆரிடம் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள்

மத்திய அரசின் மார்க்கெட்பிளேஸான ஹெல்த்கேர்.கவ் தளத்தில் "எம்ப்ளாயர் கவரேஜ் டூல்" என்று ஒரு படிவம் இருக்கிறது. அதை இறக்கி ஹெச்ஆருக்கு அனுப்பி நிரப்பித் தரச் சொல்லுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: குறைந்தபட்சத் தரம் உள்ள திட்டங்களில் மிக மலிவானதில் ஊழியருக்கு மட்டும் எவ்வளவு, குடும்பத்தையும் சேர்த்தால் எவ்வளவு. குறைந்தபட்சத் தரம் என்றால், சராசரியாக மருத்துவச் செலவில் 60 சதவீதமாவது காப்பீடு ஏற்க வேண்டும், மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் மருத்துவர் கட்டணத்துக்கும் போதிய இடம் இருக்க வேண்டும்.

இங்கே பலர் தவறுகிறார்கள். நீங்கள் இப்போது எடுத்திருக்கும் திட்டத்தின் விலையை எழுதக் கூடாது. நீங்கள் விலை உயர்ந்த பிபிஓ (பட்டியலுக்கு வெளியே உள்ள மருத்துவரிடமும் போகக்கூடிய திட்டம்) எடுத்திருக்கலாம். ஆனால் கணக்குக்கு வருவது கம்பெனி கொடுப்பதில் மிக மலிவான திட்டம்தான். பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) பிடிக்கும் தொகையைப் பார்த்து எழுதினாலும் இதே தவறுதான் நேரும்.

படி 2: குடும்ப வருமானத்தைக் கணக்கிடுங்கள்

இதில் அவசரப்பட வேண்டாம். பின்னால் வரும் எல்லாமே இந்த ஓர் எண்ணில்தான் நிற்கிறது.

வேண்டியது வரிக்கான வருமானம், அதாவது திருத்தப்பட்ட மொத்த வருமானம். 401(கே) என்ற ஓய்வூதியச் சேமிப்பு, ஹெச்எஸ்ஏ என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குகளில் சம்பளத்திலிருந்து போடும் பணம் இதில் கழியும். கம்பெனி ப்ரீமியமும் பெரும்பாலும் வரிக்கு முன்பே பிடிக்கப்படுவதால் அதுவும் கழியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அடுத்த ஆண்டு குடும்பத்தைக் கம்பெனித் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டால் அந்தக் கழிவும் குறையும், வருமானம் அந்த அளவுக்கு ஏறும். நண்பர் விஷயத்தில், தனக்கான 130 டாலரை மட்டும் கழித்துக்கொண்டு ஆண்டு வருமானம் 84,000 டாலர் என்று எடுத்துக்கொண்டோம்.

அப்புறம், நம்மவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது ஊர்ப் பணம். என்ஆர்இ டெபாசிட் (வெளிநாட்டுவாழ் இந்தியர் ஊரில் போடும் வங்கி டெபாசிட்) வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது. ஆனால் அமெரிக்காவில் வரி கட்டும் குடியிருப்பாளருக்கு அது வருமானம்தான். ஊரில் உள்ள வீட்டு வாடகையும் அப்படியே. இங்கே அதை விட்டுவிட்டால் வரி நேரத்தில் அது திரும்பி வந்து கழுத்தைப் பிடிக்கும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

திருமணமானவர்கள் கூட்டாக வரி தாக்கல் செய்ய வேண்டும். தனித்தனியாகத் தாக்கல் செய்தால், குடும்ப வன்முறை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, மானியம் இல்லை.

படி 3: 9.96 சதவீதம்

கம்பெனி ப்ரீமியம் கட்டுப்படியாகும் என்று சொல்ல 2026க்கான வரம்பு குடும்ப வருமானத்தில் 9.96 சதவீதம். இது ஆண்டுதோறும் மாறும், 2025இல் 9.02ஆக இருந்தது.

84,000 டாலரில் 9.96 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 8,366 டாலர், மாதத்துக்குச் சுமார் 697. நண்பருக்கு மட்டும் ஆவது 130 டாலர், 697க்கு உள்ளே. எனவே அவருக்கு மானியம் இல்லை. குடும்பத்துக்கு ஆவது 1,150 டாலர், 697ஐத் தாண்டிவிட்டது. எனவே மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் கதவு திறந்திருக்கிறது.

மார்க்கர் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவர் மனைவி, "இவ்வளவுதானா கணக்கு?" என்றார். ஆமாம், தகுதிக்கு இவ்வளவுதான்.

குடும்ப ப்ரீமியம் 690 டாலர் என்று வந்திருந்தால் யாருக்கும் மானியம் இல்லை. கம்பெனித் திட்டத்தில் சேராமல் விட்டாலும் கிடைக்காது. வாய்ப்பு கொடுக்கப்பட்டதா என்பதுதான் கேள்வி, நீங்கள் சேர்ந்தீர்களா என்பதல்ல. மாறாக, கட்டுப்படியாகாத திட்டத்தில் சேர்ந்துவிட்டாலும் சேர்ந்திருக்கும் மாதங்களுக்கு மானியம் போய்விடும்.

உங்கள் வீட்டு நிலைமை கொஞ்சம் வேறாக இருந்தால்

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால், ஒவ்வொருவருக்கும் அவரவர் கம்பெனியின் தனி ப்ரீமியத்தையும் பார்க்க வேண்டும். மனைவியின் கம்பெனி அவருக்கு மலிவாகக் கொடுத்தால், கணவன் பக்கம் குடும்ப ப்ரீமியம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் மனைவிக்கு மானியம் இல்லை. பிள்ளைகளுக்கு மட்டும் கிடைக்கலாம்.

சில கம்பெனிகள் பிள்ளைகளைச் சேர்க்கும், துணைவரைச் சேர்க்காது. அப்போது துணைவருக்குக் கம்பெனி வாய்ப்பே இல்லை என்று பொருள். இந்தக் கணக்கு அவரைத் தடுக்காது. க்ரீன் கார்டில் வந்து உங்களோடு இருக்கும் அம்மாவுக்கும் இதே கதைதான். கம்பெனித் திட்டங்கள் பெற்றோரைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அம்மாவை உங்கள் வரிப் படிவத்தில் சார்ந்திருப்பவராகக் காட்டினால், வீட்டு எண்ணிக்கையில் அவரும் சேர்வார், மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

பிள்ளைகளுக்கு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் காப்பீடான மெடிகெய்டோ, குழந்தைகளுக்கான சிப் திட்டமோ கிடைக்கும் வருமானமாக இருந்தால் அவர்களுக்கு இந்த மானியம் வராது. அந்தத் திட்டங்கள் பொதுவாக இன்னும் மலிவு, அதனால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

படி 4: எவ்வளவு கிடைக்கும்?

தகுதி இருப்பது வேறு, லாபம் இருப்பது வேறு. 2021 முதல் இருந்த கூடுதல் மானியம் 2025 முடிவோடு நின்றுபோனது. இப்போது குடும்ப வருமானம் அரசு அறிவிக்கும் வறுமைக் கோட்டின் 400 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு டாலர்கூடக் கிடையாது. நான்கு பேர் குடும்பத்துக்கு அந்த எல்லை 128,600 டாலர், மூன்று பேருக்கு 106,600. பெரிய ஐடி சம்பளம் வாங்குகிற வீடுகள் பல இதிலேயே நின்றுவிடும். கடை, உணவகம், பள்ளி, சிறிய அலுவலகம் என்று வேலை பார்க்கும் குடும்பங்களுக்காகத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

நண்பர் வருமானம் வறுமைக் கோட்டின் 261 சதவீதம். அந்த நிலையில் குடும்பம் தன் கையிலிருந்து கட்ட வேண்டியது வருமானத்தில் சுமார் 8.78 சதவீதம், அதாவது மாதம் 615 டாலர். மானியக் கணக்குக்கு அளவுகோலாக எடுப்பது இரண்டாவது மலிவான சில்வர் (நடுத்தர வகை) திட்டத்தை. அவர்கள் பகுதியில் அது அந்த மூவருக்கும் மாதம் 1,300 டாலர் வந்தது. மீதி 685 டாலர் மானியம்.

கவனியுங்கள், இந்த 615 டாலர் மூன்று பேருக்குத்தான். நண்பர் தன் 130ஐக் கம்பெனியில் தனியாகக் கட்ட வேண்டும். அதை இந்தச் சூத்திரம் கழித்துக்கொள்வதில்லை. மொத்தம் 745. பழைய 1,150உடன் பார்த்தால் மாதம் 405 டாலர் மிச்சம்.

ஆனால் கம்பெனி ப்ரீமியம் வரிக்கு முன்பே பிடிக்கப்பட்டது, மார்க்கெட்பிளேஸ் ப்ரீமியம் வரி கட்டிய பணத்தில் போகிறது. மாநில வருமான வரி இல்லாத டெக்சஸிலேயே அவருக்கு இதில் மாதம் சுமார் 200 டாலர் போய்விடுகிறது. கையில் நிற்பது 200 சொச்சம். தவிர, வீட்டுக்குள் இரண்டு காப்பீடு என்றால் இரண்டு டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்டும் தொகை), இரண்டு செலவு உச்சவரம்பு. டெக்சஸில் தனிநபர் திட்டங்கள் பெரும்பாலும் ஹெச்எம்ஓ, இபிஓ வகை (பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டுமே போகக்கூடியவை) என்பதால், பிள்ளைகளின் மருத்துவர் பட்டியலில் இருக்கிறாரா என்று போன் செய்து கேட்டோம். இருந்தார். அதன் பிறகுதான் முடிவு எடுத்தார்கள். அவர் பட்டியலில் இல்லையென்றால் நானே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

படி 5: விண்ணப்பம்

கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி, நியூ யார்க், ஜார்ஜியா போன்ற மாநிலங்களுக்குத் தனித் தளம் உண்டு. டெக்சஸ் போன்றவற்றுக்கு ஹெல்த்கேர்.கவ். நவம்பர் 1இல் திறக்கும். ஹெல்த்கேர்.கவ் தளத்தில் டிசம்பர் 15க்குள் சேர்ந்தால் ஜனவரி 1 முதல் காப்பீடு. விண்ணப்பத்தில் கம்பெனி வாய்ப்பு உண்டா என்று கேட்கும் இடத்தில் "உண்டு" என்றே சொல்லி, இரண்டு ப்ரீமியத்தையும் எழுதுங்கள்.

கம்பெனியின் சேர்க்கைக் காலம் பெரும்பாலும் டிசம்பர் 15க்கு முன்பே முடிந்துவிடும். அதனால் மார்க்கெட்பிளேஸ் திறந்த முதல் வாரத்திலேயே விண்ணப்பித்து, தகுதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே குடும்பத்தைக் கம்பெனித் திட்டத்திலிருந்து எடுங்கள். இடையில் ஒரு மாதம்கூடப் பிள்ளைகள் காப்பீடு இல்லாமல் இருக்கக் கூடாது.

விசாவில் இருப்பவர்கள் 2027ஐப் பார்த்துக்கொள்ளுங்கள்

ஹெச்-1பி (வேலை விசா), ஹெச்-4 (அவர்களின் குடும்பத்தாருக்கான விசா) வைத்திருப்பவர்களும் 2026 வரை இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2027 ஜனவரி 1 முதல் குடிமக்கள், க்ரீன் கார்டு வைத்திருப்பவர்கள், இன்னும் சில குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமே மானியம். இங்கே பிறந்த பிள்ளைக்கு அப்போதும் கிடைக்கும். ஹெச்-4இல் இருக்கும் அம்மாவுக்குக் கிடைக்காது.

படி 6: வரி நேரத்தில்

ஆண்டு முடிந்ததும் மார்க்கெட்பிளேஸ், வாங்கிய மானியத்தைக் காட்டும் 1095-ஏ படிவத்தை அனுப்பும். அதை வைத்து, மானியத்தைச் சரிபார்க்கும் 8962 என்ற வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். முன்பெல்லாம் மானியம் அதிகமாக வாங்கிவிட்டால், குறைந்த வருமானக்காரர்கள் திருப்பிக் கட்ட ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரி ஆண்டு முதல் அது இல்லை. கூடுதலாக வாங்கியது முழுவதையும் கட்ட வேண்டும். டெபாசிட் வட்டி மறந்துபோய் 128,600ஐ நூறு டாலர் தாண்டினாலும், அந்த ஆண்டின் மானியம் அத்தனையும் திரும்பப் போகும். சம்பளம் உயர்ந்தால், வேலை மாறினால் அந்த மாதமே தளத்தில் போய் மாற்றி எழுதுங்கள்.

நண்பர் வீட்டில் அந்த மஞ்சள் கோடு போட்ட தாள் இப்போது வரிக் கோப்பில் இருக்கிறது. உங்களுடையதையும் பத்திரப்படுத்துங்கள். குடும்பத்துக்கு எப்படி மானியம் வந்தது என்று யாராவது கேட்டால், ஹெச்ஆர் கொடுத்த அந்த இரண்டு எண்கள்தான் உங்கள் ஆதாரம்.