கரண்ட் போனாலும் மெயில் வாசிக்கலாம்: சின்னக் கருவிகளால் ஒரு மெயில்பெட்டி

2022 இல் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அப்போதுதான் எனக்கு இது உறைத்தது. மடிக்கணினியில் சார்ஜ் இருந்தது, ரவுட்டர் வேலை செய்யவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அனுப்பிய காணி உறுதியின் விபரம் மெயிலில் கிடக்கிறது, திறக்க வழியில்லை. நமக்கு வந்த கடிதம் நம்முடைய கணினியில்தான் இருக்க வேண்டும் என்று அன்று முடிவெடுத்தேன். 2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியே இதற்குக் காணும்.

மூன்று சின்னக் கருவிகள் போதும்: மெயிலைக் கொண்டுவர எம்பிசிங்க் (mbsync), அனுப்ப எம்எஸ்எம்டிபி (msmtp), வாசிக்கவும் எழுதவும் மட் (mutt). ஒன்றின் வேலையில் மற்றது தலையிடாது. உபுண்டு, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளங்கள் இரண்டிலும், மென்பொருள் நிறுவும் ஆப்ட் (apt) கட்டளை மூலமே நிறுவலாம். எம்பிசிங்க் மட்டும் ஐசிங்க் (isync) என்ற பொதிக்குள் இருக்கிறது, அந்தப் பெயரில் தேடுங்கள்.

முதல் படி, கடவுச்சொல். ஜிமெயில் என்றால் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, செயலிக்கென்று தனியாக 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை எடுங்கள். அதை அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதாதீர்கள். 'பாஸ்' (pass) என்ற கருவியில் பூட்டி வைத்து, தேவைப்படும்போது அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி, எம்பிசிங்க். சேவையகத்தின் பெயர், பயனர் பெயர், மெயில் வந்து சேர வேண்டிய கோப்புறை ஆகியவற்றை அமைப்புக் கோப்பில் கொடுங்கள். கோப்புறைப் பாதையின் கடைசியில் சாய்கோடு இருக்க வேண்டும். முதலில் இன்பாக்ஸை மட்டும் எடுங்கள். ஜிமெயிலின் 'ஆல் மெயில்' கோப்புறையையும் சேர்த்தால் ஒரே மெயில் இரண்டு தரம் இறங்கும், டேட்டாவும் வீண். ஒத்திசைவை முதல் கிழமை 'புல்' (Pull) என்றே வையுங்கள். அப்படியென்றால் மெயில் இங்கே வரும், நீங்கள் இங்கே செய்யும் பிழை எதுவும் அங்கே போகாது.

இறக்கியதும் கோப்புறையைத் திறந்து பாருங்கள். டெம்ப் (tmp), நியூ (new), கர் (cur) என்று மூன்று உள்கோப்புறைகள் இருக்கும். டானியல் பேர்ன்ஸ்டைன் தன்னுடைய கியூமெயில் என்ற மெயில் சேவையக மென்பொருளுக்காக வகுத்த மெயில்டிர் அமைப்பு இது. ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு. வரும் மெயில் முதலில் டெம்பில் எழுதப்படும், முழுவதும் எழுதி முடிந்த பிறகே மற்ற இரண்டில் ஒன்றுக்கு நகரும். இறங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அரைகுறைக் கோப்பு டெம்பிலேயே கிடக்கும், உங்கள் இன்பாக்ஸுக்குள் வராது. எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் காணவில்லை.

மூன்றாம் படி, எம்எஸ்எம்டிபி. போர்ட் 587, இணைப்பை மறைகுறியாக்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் (STARTTLS) ஆன். மட்டுடன் இணைக்கும் முன் தனியாகச் சோதியுங்கள். தலைப்பு வரி, பிறகு ஒரு வெற்று வரி, பிறகு ஒரு வரிச் செய்தி. இதை எக்கோ (echo) கட்டளையிலிருந்து, ஒன்றின் வெளியீட்டை மற்றதற்குக் கொடுக்கும் பைப் (|) வழியாக எம்எஸ்எம்டிபிக்குக் கொடுத்து உங்கள் முகவரிக்கே அனுப்புங்கள். அந்த வெற்று வரியை விட்டுவிடாதீர்கள், தலைப்பு எங்கே முடிகிறது என்பதை அதுதான் காட்டுகிறது. இந்தச் சோதனைக்குத் தலைப்பு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். தமிழ்த் தலைப்பைக் குறிமாற்றித்தான் அனுப்ப வேண்டும், அந்த வேலையை மட் பார்த்துக்கொள்ளும்.

சரி, அது வந்து சேர்ந்ததா? இனி மட்டுக்கு இரண்டு விஷயம் சொன்னால் போதும்: மெயில் இருக்கும் கோப்புறை எது, அனுப்பும் கருவி எது.

தேடலில்தான் தமிழர்களுக்கு ஒரு சிக்கல். ஒரு தமிழ் மெயில் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் தமிழே தெரியாது, ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான வரிகள்தான் இருக்கும். பேஸ்64 குறிமாற்றம் அது. அதனால் கோப்புகளுக்குள் சொல் தேடும் க்ரெப் (grep) கட்டளையில் 'காணி' என்று தேடினால் அகப்படாது. நாட்மச் (notmuch) என்ற மெயில் தேடும் கருவியை நிறுவுங்கள். அது குறிமாற்றத்தைப் பிரித்துப் படித்து அட்டவணை போடும். 'காணி' என்பதன் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி சேர்த்தால் காணியை, காணிக்கு, காணியில் எல்லாம் வரும்.

அப்புறம், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் (cron) 10 நிமிடத்துக்கு ஒருமுறை எம்பிசிங்கையும் அதன் பின்னால் நாட்மச்சையும் ஓட விடுங்கள்.