மதுரைக்குக் குடிவருகிறீர்களா? முதலில் ஒரு தினசரிக் காலண்டர் வாங்குங்கள்

கோலாலம்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ குடும்பத்தோடு மதுரைக்கு வந்திறங்குபவர்கள், சிலிண்டருக்கு அலைவதற்கு முன்னால் நாள்தாள் கிழிக்கிற காலண்டர் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டுங்கள். இந்த ஊரில் வீடு கிடைப்பது, பூ விலை, பஸ்ஸில் இடம் எல்லாமே தமிழ் மாதத்தையும் முகூர்த்த நாளையும் பார்த்துத்தான் நடக்கும். வாடகை வீடாக இருந்தாலும் ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டார்கள். வீடு காலியாகக் கிடந்தாலும் "தை பிறக்கட்டும்" என்பார் வீட்டுக்காரர். டிசம்பர் கடைசியில் வருவதாக இருந்தால், கார்த்திகையிலேயே அட்வான்ஸ் கொடுத்து, சொந்தக்காரர் யாரையாவது விட்டுப் பால் காய்ச்சிவிடுங்கள். சாமான்களைப் பிறகு இறக்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

குளிர் நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் வாரமே கைகொடுக்காமல் போவது இட்லி மாவு. அங்கே வெந்நீர் ஊற்றி அரைத்து, ஓவனுக்குள் விளக்கைப் போட்டு, பதினைந்து மணி நேரம் காத்திருந்து பழகிய கை. இங்கே எல்லாமே தலைகீழ். இட்லி அரிசி 4 டம்ளர், உளுந்து 1 டம்ளர், வெந்தயம் 1 டீஸ்பூன் என்ற அளவு சரிதான். ஆனால் சித்திரை, வைகாசியில் ஐஸ் தண்ணீர் தெளித்துத்தான் ஆட்ட வேண்டும். கிரைண்டர் கல் சூடேறினால் உளுந்து பொங்காது, இட்லி கல்லாகும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மாலை 6 மணிக்குக் கரைத்து வைத்தால் இரவு 11 மணிக்கு மேல்பரப்பு உப்பி, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி உடையும். அப்போதே கலக்காமல் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். விடியும் வரை விட்டால் மேடையெல்லாம் வழிந்து, மாவும் புளித்துப்போகும். புளித்ததைக் கொட்ட வேண்டாம், வெங்காயம் பச்சைமிளகாய் போட்டுப் பணியாரம் சுடலாம். மார்கழிக் குளிருக்கு மட்டும் ராத்திரி முழுக்க வெளியே இருக்கலாம்.

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை போகும். பகல் 11 முதல் 4 வரை பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகாதீர்கள். மீனாட்சியம்மன் கோயிலும் மதியம் நடை சாத்தித்தான் இருக்கும். செல்போனை உள்ளே விட மாட்டார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. ஜிகர்தண்டா கடையிலும் குடியுங்கள், வீட்டிலும் செய்யுங்கள். 1 லிட்டர் பால் பாதியாகச் சுண்ட வேண்டும். பாதாம் பிசின் 1 டீஸ்பூனை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, காலையில் கறுப்புத் தூசி, பட்டைத் துணுக்கைக் கையால் பொறுக்குங்கள். அதை விட்டால் குடிக்கும்போது நறநறக்கும். பால் நன்றாகக் குளிர்ந்த பிறகு பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊரில் இல்லாமல் இருந்துவிடாதீர்கள். பத்தாம் நாள் மீனாட்சி - சுந்தரேசுவரர் திருக்கல்யாணம். அந்த நேரத்தில் சுமங்கலிகள் வீட்டிலிருந்தபடியே தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள், மஞ்சள் கயிறு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மறுநாள் மாசி வீதிகளில் தேர். சித்ரா பௌர்ணமியன்று விடிகாலையில் கள்ளழகர் வைகையில் இறங்குவார். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்றுதான் ஊரே பார்க்கும், பச்சை என்றால் விளைச்சல் செழிக்கும் என்பார்கள். கைக்குழந்தையோடு ஆற்றுப் பக்கம் போக வேண்டாம், நெரிசல் தாங்காது. அதற்கு முந்தைய நாள் அழகரை ஊர் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையை, வழியில் சாமி தங்கிப் போகும் ஏதாவது மண்டகப்படியில் நின்று பாருங்கள். சாமியை நிதானமாகப் பார்க்கலாம், நீர்மோரும் பானகமும் கேட்காமலே கைக்கு வரும். நகை வேண்டாம். பிள்ளைகள் சட்டைப்பையில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். கோரிப்பாளையம் பக்கம் வண்டி விட மாட்டார்கள், நடக்கத் தயாராகப் போங்கள்.

வெளியூர் கிளம்பும்போது எந்த பஸ் ஸ்டாண்ட் என்பதில்தான் பலரும் தவறுவார்கள். சென்னை, திருச்சி, திருநெல்வேலி, ராமேஸ்வரத்துக்கு மாட்டுத்தாவணி. தேனி, திண்டுக்கல், கோவைக்கு ஆரப்பாளையம். சொந்தக் காரில் கொடைக்கானல் போனால் இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இதுதான் நடைமுறை. அரசு பஸ்ஸில் போனால் அது தேவையில்லை.

இனி செய்முறை, அதாவது விசேஷ வீட்டில் மொய் செய்கிற வழக்கம். அக்கம்பக்கத்தில் பழகிய இரண்டே மாதத்தில் காதணி விழா, வசந்த விழா என்று பத்திரிகை வந்துவிடும். பந்தி வாசலில் மேஜை போட்டு மொய் எழுதுவார்கள். ஊர், பேர், தொகை மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறோமே என்று எடுத்தவுடன் பெரிய தொகை எழுதிவிடாதீர்கள். அது அன்பளிப்பு அல்ல, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு. வசதி குறைந்த குடும்பம் அதற்காகக் கடன் வாங்க நேரும். பக்கத்து வீட்டு அக்காவிடம் "நீங்க எவ்வளவு செய்றீங்க?" என்று கேட்டுவிட்டு அதையே செய்யுங்கள், 501 என்று ஒரு ரூபாய் சேர்த்து. யாருக்கு, என்றைக்கு, எவ்வளவு என்று வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். உங்களுக்கு வந்ததையும் அதிலேயே எழுதுங்கள். திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூட்டித்தான் எழுத வேண்டும், குறையக்கூடாது. சாப்பிடாமல் கிளம்பவும் கூடாது. கை கழுவிவிட்டு வீட்டுக்காரரைத் தேடிப்பிடித்து "போயிட்டு வர்றோம்ணே" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.