சூடேறி நின்ற பழைய படகு: ஆயிலை வடிக்கும் முன் அதைக் கேளுங்கள்

என் படகில் இருப்பது 4 சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். 30 வயதைத் தாண்டிவிட்டது. கடல்நீரே நேராக பிளாக்குக்குள் ஓடிக் குளிர்விக்கும் பழைய அமைப்பு. ஒரு நாள் திரும்பி வரும் வழியில் வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறியது. அணைத்தேன், ஆறவிட்டேன், அப்புறம் ஸ்டார்ட் செய்தேன். பிடிக்கவில்லை. விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இன்னொரு படகு இழுத்துக்கொண்டு வந்து கரையில் விட்டது. அங்கே ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தால், ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு விரல் அளவு மேலே நின்றது. நிறம் பால் கலந்தது போல வெளிறிப்போயிருந்தது.

இந்த நிலையில் உடனே ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றத்தான் கை பரபரக்கும். செய்யாதீர்கள். எது உள்ளே வந்தது, எந்த வழியாக வந்தது என்பதற்கான சாட்சி அந்தக் கெட்ட ஆயில்தான்.

அதைவிட முக்கியம், ஸ்டார்ட்டர் பொத்தானைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் அது காற்றைப் போல அமுங்காது. பிஸ்டன் அதன் மேல் மோதினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கொஞ்சம் தண்ணீர் போன என்ஜினைக் காப்பாற்றிவிடலாம், ராடு வளைந்துவிட்டால் பிளாக்கையே பிரிக்க வேண்டும்.

முதலில் மூக்கு. டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து, தண்ணீர் போல நீர்த்து, பெட்ரோல் வாடை அடித்தால் இது வேறு கதை. பழைய என்ஜின்களில் மெக்கானிக்கல் ஃபியூயல் பம்பின் டயஃப்ரம் கிழிந்தாலும், கார்ப்பரேட்டர் நிரம்பி வழிந்தாலும் பெட்ரோல் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கும். அப்படியானால் என்ஜின் அறையைத் திறந்து நன்றாகக் காற்றோட விடுங்கள். அருகில் தீயோ பொறியோ கூடாது. கருகிய வாடையும் கறுப்பு நிறமும் மட்டும் இருந்தால், சூட்டில் ஆயில் வெந்திருக்கிறது, அவ்வளவுதான். மாற்றிவிடலாம்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்மையான பசை இருந்து, டிப்ஸ்டிக் சுத்தமாகவும் மட்டம் சரியாகவும் இருந்தால் பதற வேண்டாம். குறுகிய ஓட்டங்களே ஓடும் படகில் ஈரம் அங்கே படிவது வழக்கம்.

வெளிறிய ஆயில் என்றால் ஓர் இரவு அசையாமல் விடுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். காலையில் உறிஞ்சும் பம்பின் குழாயை டிப்ஸ்டிக் துளை வழியாக அடி தொடும் வரை இறக்கி, ஒரு கண்ணாடிப் புட்டி நிறைய எடுங்கள். என் புட்டியில் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கலான நீரும் மேலே பழுப்பு நுரையும் நின்றன. அந்த நீரைச் சிரிஞ்சில் எடுத்து ஒரு எஃகு மூடியில் வெயிலில் காயவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் வெள்ளைப் படலம், விரலில் நறநறவென்று உப்பு. கடல்நீர் என்பது உறுதி. உங்கள் என்ஜினில் கூலன்ட் சுற்றும் மூடிய அமைப்பு இருந்தால், அடியில் நிற்கும் நீர் நிறமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கிறதா, கூலன்ட் டேங்கில் மட்டம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், அது விஷம்.

நீர் பிரியவே இல்லை, ஆனாலும் சந்தேகம் என்றால் ஒரு உலோகத் தகட்டை நீரின் கொதிநிலைக்கு மேலே, 150 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி ஒரு சொட்டு விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. பெட்ரோல் வாடை வரும் ஆயிலில் இதைச் செய்யவே கூடாது.

அடுத்து, எந்த வழி? நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பார்த்தேன். 1, 2 வழக்கமான பழுப்பு. 3, 4 இரண்டும் ஈரம், 4இன் நுனியில் துரு தொடங்கியிருந்தது. துளைகளுக்கு நேரே முகத்தை வைக்காமல் கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினேன். 4ஆம் துளையிலிருந்து தண்ணீர் பொங்கி வழிந்தது.

பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் என்றதும் எல்லோரும் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு, ஹெட் கேஸ்கட், போய்விட்டது என்பார்கள். நானும் ஹெட்டைக் கழற்றத் தயாராகிவிட்டேன். நல்லவேளை, அதற்கு முன் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்த்தேன். இக்னிஷன் காயிலைத் துண்டித்து, பெட்ரோல் வாடை இல்லை என்று பார்த்துக்கொண்டு, த்ராட்டிலை முழுதாகத் திறந்து ஒவ்வொன்றாக அளந்தேன். நான்கும் 115 முதல் 120 பிஎஸ்ஐ. மிகக் குறைந்த எண், மிக அதிகமானதில் முக்கால் பங்குக்குக் கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும். அடுத்தடுத்த இரண்டும் சேர்ந்து இறங்கினால் கேஸ்கட் மேல் சந்தேகம் வலுக்கும். எனக்கு அது இல்லை.

அப்புறம்தான் சைலன்சரின் வடிகால் திருகைத் தளர்த்தினேன். தண்ணீர் நிற்காமல் கொட்டியது. விஷயம் விளங்கியது. கடல்நீரை இறைக்கும் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லரின் 6 இதழ்களில் 2 உடைந்து குளிர்நீர் குறைந்ததால் என்ஜின் சூடேறியது. மீதி இதழ்கள் நான் சுற்றச் சுற்ற நீரை இறைத்துக்கொண்டே இருந்தன. அந்த நீர் சைலன்சர் வழியாகத்தான் வெளியேற வேண்டும், ஆனால் ஓடாத என்ஜினில் அதை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் அழுத்தம் கிடையாது. சைலன்சர் நிரம்பி, சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் மேனிஃபோல்டு வழியாகத் திறந்திருந்த வால்வுகளுக்குள் ஏறி, ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் இறங்கிவிட்டது.

இருந்தாலும் மேனிஃபோல்டைக் கழற்றிச் சோதித்தேன். கடல்நீர் ஓடும் பழைய மேனிஃபோல்டு உள்ளுக்குள் துரு தின்று ஓட்டையாகும், அறிகுறியும் இதே மாதிரிதான் இருக்கும். நீர்ப்பாதையின் வாய்களை அடைத்து, தண்ணீர் நிரப்பி ஓர் இரவு வைத்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் சொட்டு கூடக் கசியவில்லை. உடைந்த 2 இதழ்களையும் தேடி எடுத்தாக வேண்டும். ஒன்று குழாய் வளைவிலும் இன்னொன்று தெர்மோஸ்டாட் கூட்டின் வாயிலும் சிக்கியிருந்தன.

காரணம் தெரிந்த பிறகு தாமதிக்காதீர்கள். உப்புநீர் பேரிங்குகளைச் சீக்கிரமே அரிக்கத் தொடங்கும். ஆயிலை வடித்து, ஃபில்டரோடு மாற்றி, என்ஜின் வழக்கமான சூட்டுக்கு வரும்வரை ஓட்டி, மறுபடி வடியுங்கள். எனக்கு மூன்றாவது முறைதான் தெளிந்தது. முதல் ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் மினுக்கும் துகள்கள் இருந்தால் பேரிங் அடிவாங்கியிருக்கிறது, அந்த என்ஜினை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். என்னுடையதில் கரி மட்டும்தான் இருந்தது.

இப்போதெல்லாம் இரண்டு மூன்று முயற்சியில் என்ஜின் பிடிக்கவில்லை என்றால், கடல்நீர் வால்வை மூடிவிட்டுத்தான் மேற்கொண்டு சுற்றுகிறேன். பிடித்த அடுத்த நொடியே திறந்துவிடுகிறேன்.