வீட்டு நெட்வொர்க்கை ஸ்கேன் செய்தால் ஒன்றுமே தெரியவில்லையா?

நெட்வொர்க்கில் எந்தெந்தக் கருவிகள் (போன், டிவி, கணினி) இணைந்திருக்கின்றன என்று தேடிக் காட்டும் மென்பொருளான என்மேப்பை நிறுவி, முதல் ஸ்கேனை ஓட்டி, "0 ஹோஸ்ட்ஸ் அப்" (ஒரு கருவியும் அகப்படவில்லை) என்ற பதிலைப் பார்த்து விழிப்பவர்களுக்காக இது. கட்டளை தட்டத் தயக்கமாக இருந்தால், என்மேப்பைப் பெட்டிகளும் பொத்தான்களும் வழியாக இயக்கும் ஜென்மேப் போதும். விண்டோஸில் என்மேப்புடன் சேர்ந்தே வரும். சொந்த வீட்டு இணைப்பில் மட்டும் செய்யுங்கள். பக்கத்து வீட்டு வைஃபை, அலுவலக நெட்வொர்க் பக்கம் போகவே வேண்டாம்.

1. முகவரி சரிதானா?

நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். இணையப் பாடங்களில் பெரும்பாலும் 192.168.1.0/24 என்றே இருக்கும். பலரும் அதை அப்படியே போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஜியோ ஃபைபர் ரவுட்டர் வழக்கமாக 192.168.29 வரிசையில் முகவரி தரும். வேறு சில ரவுட்டர்கள் 192.168.0 வரிசை. ஆளில்லாத தெருவில் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்?

விண்டோஸ் செட்டிங்ஸில் உங்கள் வைஃபை இணைப்பின் விவரங்களைத் திறந்து ஐபிவி4 முகவரியைப் பாருங்கள். 192.168.29.45 என்றிருந்தால், டார்கெட் பெட்டியில் 192.168.29.0/24 என்று போடுங்கள். /24 என்றால் அந்த வரிசையின் 256 முகவரிகள். முகவரி 169.254 என்று தொடங்குகிறதா? ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. வைஃபையைத் துண்டித்து மறுபடி இணைத்த பிறகுதான் ஸ்கேன். விபிஎன் ஓடினால் அதையும் நிறுத்துங்கள்.

2. பிங் ஸ்கேன் ஓட்டுங்கள்

ப்ரொஃபைலில் "பிங் ஸ்கேன்" தேர்ந்தெடுங்கள். எந்தக் கருவிகள் இருக்கின்றன என்று மட்டும் கேட்கும் ஸ்கேன் இது. முடிவில் மற்ற கருவிகளுக்குக் கீழே மேக் முகவரி (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் என்மேப் ஏஆர்பி முறையில், அதாவது "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்று வீட்டு நெட்வொர்க்குக்குள் நேரடியாகக் கேட்கிறது என்று பொருள். பிங்கைத் தடுக்கும் ஃபயர்வால்கூட இதற்குப் பொதுவாகப் பதில் சொல்லிவிடும். வராவிட்டால், விண்டோஸில் இப்படிக் கேட்க என்மேப்புக்கு உதவும் என்பிகேப் டிரைவரை மறுபடி நிறுவுங்கள். லினக்ஸில் என்றால், சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) இல்லாமல் ஓட்டியிருப்பீர்கள். அப்போது என்மேப் 80, 443 போர்ட்களை (கருவியின் எண்ணிட்ட வாசல்கள்) மட்டும் தட்டிப் பார்க்கும், மௌனமாக இருக்கும் கருவிகள் விட்டுப்போகும்.

கருவி இருக்கிறதா என்று கேட்காமலே ஸ்கேன் செய்யும் "நோ பிங்" போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். வீட்டுக்குள் அதனால் பெரிய பயனில்லை. ஏஆர்பி ஓடும்போது அதை அது நிறுத்தாது. ஏஆர்பி இல்லாத இடத்திலோ 256 முகவரிகளும் உயிரோடு இருப்பதாகக் காட்டி, நேரத்தைத் தின்றுவிடும்.

3. டிவி மட்டும் காணோம்

கணினி கெஸ்ட் வைஃபையில் இருந்தால் மற்ற கருவிகளைப் பார்க்க ரவுட்டரே விடாது. வீட்டில் இரண்டு ரவுட்டர் இருந்தால், டிவி எதில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். போன் என்றால் திரையை எழுப்பிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். புதிய போன்கள் போலி மேக் முகவரி காட்டுவதால் தயாரிப்பாளர் பெயர் வராது. அந்நியர் நுழைந்துவிட்டதாக அலற வேண்டாம்.

4. போர்ட்கள்

இப்போது ரவுட்டரின் முகவரியை மட்டும் போட்டு "குயிக் ஸ்கேன்". "க்ளோஸ்ட்" என்றால் கருவி பதில் சொல்லி மறுத்தது; "ஃபில்டர்ட்" என்றால் பெரும்பாலும் ஃபயர்வால் விழுங்கிவிட்டது. இரண்டுமே பிழையல்ல. 53, 80 திறந்திருப்பது சகஜம். 23 திறந்திருந்தால் அது டெல்நெட். கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் அனுப்பும் பழைய வழி. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அதை அணைத்துவிட்டு, அதே ஸ்கேனை இன்னொரு முறை ஓட்டுங்கள்.